சமவெளியில் ஓட்டிப் பழகியவர் மலை ஏறுவது எப்படி: கியர், பயிற்சி, முதல் ரேஸ்

சென்னையில் ரோடு பைக் வாங்கி நாலைந்து மாதம் ஈசிஆரில் ஓட்டியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை பெரும்பாலும் மலைதான். மாமல்லபுரம் போய்த் திரும்புவது பழகிவிட்டது, சராசரி வேகம் 26, 27 என்று காட்டுகிறது, சரி, ஏலகிரி போகலாம் என்று நண்பர்கள் கூப்பிட ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுகிறார்கள். நாலாவது வளைவு வருவதற்குள் பலர் இறங்கித் தள்ளுகிறார்கள். கால்களில் வலு இருக்கிறது. கியர்தான் அந்த மலைக்குக் கனமாக இருக்கிறது, அடிவாரத்தில் போன வேகமும் சமவெளி வேகமாகவே இருந்திருக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்தால் ஆரோக்கியமான எவரும் ஏலகிரியை இறங்காமல் ஏறலாம், அதற்கடுத்த சீசனில் ஒரு ரேஸிலும் நிற்கலாம். மலையில் மெதுவாகப் போகத் தெரிய வேண்டும், அப்படிப் போவதற்குப் பைக்கும் உடம்பும் தயாராக இருக்க வேண்டும்; கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

முதலில் பற்களை எண்ணுங்கள்

எந்தப் பயிற்சிக்கும் முன்னால் பைக்கைச் சுவரில் சாய்த்து, முன்னால் மிதியோடு சுற்றும் பற்சக்கரங்களில் (செயின்ரிங்) சிறியதிலும், பின்னால் இருக்கும் பற்சக்கர அடுக்கில் (கேசட்) பெரியதிலும் எத்தனை பல் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த எண் அதிலேயே பொறித்திருக்கும். இப்போது வரும் ஆரம்பநிலை ரோடு பைக்குகளில் முன்னால் 50–34 இருக்கும், அதை காம்பாக்ட் என்பார்கள். பழைய பைக்கை இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் 53–39 இருக்கலாம், அதோடு மலைக்குப் போகவே வேண்டாம். பின்னால் 28, 32, 34 என்று பலவிதம்.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் 34, பின்னால் 28 வைத்து நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் பைக் சுமார் 10.7 கி.மீ. வேகத்தில் போகும். பின்னால் 34 இருந்தால் அதே 70 சுற்றுக்கு 8.8 கி.மீ. தான். ஓட்டுபவர், பைக், தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். 8 சதவீத ஏற்றத்தில் முதல் வேகத்துக்கு ஏறக்குறைய 200 வாட் தேவை, இரண்டாவதற்கு 165 வாட் போதும். புதிதாக ஓட்டுபவர் ஒருவரால் ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுக்க முடிவது பெரும்பாலும் 150, 160 வாட் அளவில்தான் இருக்கும். அப்படியென்றால் 28 பல்லோடு போனவர், மெதுவாகப் போக நினைத்தாலும் போக முடியாது. மிதியின் வேகம் 50க்கு இறங்கும், முட்டி வலிக்கும், கடைசியில் இறங்க வேண்டியதுதான்.

ஆகவே 11–32 அல்லது 11–34 கேசட் போடுங்கள், முதல் எண் அதன் சிறிய சக்கரத்தின் பல், இரண்டாவது பெரியதின் பல். பின்னால் செயினைச் சக்கரம் மாற்றிவிடும் கருவிதான் ரியர் டீரெய்லர், சுருக்கமாக ஆர்டி. மெக்கானிக்கிடம், "அண்ணே, இந்த ஆர்டிக்கு 34 ஏறுமா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் கேஜ் நீளம் குறைந்த டீரெய்லர்கள் பல 28க்கு மேல் ஏற்காது. கேசட் மாற்றும்போது செயின் நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய செயினை அப்படியே விட்டால், முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று தவறுதலாக மாற்றும் ஒரு நொடியில் டீரெய்லர் பிய்ந்துபோகும். ஷிமானோ கிளாரிஸ், சோரா மாதிரி அடிப்படை கியர் செட்டே இதற்குப் போதும்.

எடை குறைந்த பைக் வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 80 கிலோவில் ஒரு கிலோ குறைந்தால், 50 நிமிட ஏற்றத்தில் மிச்சமாவது அரை நிமிடம் சொச்சம். அதற்காக லட்சக்கணக்கில் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தில் கேசட், நல்ல 28 மி.மீ. டயர், உடம்பு அளவுக்குப் பைக்கைச் சரிசெய்யும் ஒழுங்கான பைக் ஃபிட், இதய துடிப்பு காட்டும் ஒரு பட்டை இவ்வளவையும் வாங்கிவிடலாம், மிச்சமும் இருக்கும்.

அடித்தளம்: இரண்டு மாதம் பேசிக்கொண்டே ஓட்டுவது

வாரத்தில் நாலு நாள், எட்டிலிருந்து பத்து வாரம். இதில் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். பேச்சு ஒற்றை ஒற்றைச் சொல்லாக உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள். கேட்கச் சுலபம், செய்வதுதான் கஷ்டம், ஏனென்றால் குரூப் ரைடில் யாராவது ஒருவர் 35இல் இழுப்பார், எல்லோரும் பின்னால் தொங்குவார்கள், வீட்டுக்கு வந்ததும் நல்ல ரைடு என்று தோன்றும். அப்படி ஓட்டினால் நீண்ட நேரம் தாங்கும் திறன் வளராது, களைப்புதான் சேரும். அடித்தளம் போடும் இந்த இரண்டு மாதத்தில் வேகமான குரூப்புகளைத் தவிர்ப்பது நல்லது, அல்லது வாரத்தில் ஒரு நாள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதான ஒரு வாரம் இப்படி இருக்கும்: செவ்வாய் ஒரு மணி நேரம், அதில் கொஞ்சம் கடினமான பகுதி, வியாழன் ஒரு மணி நேரம், கனமான கியரில், சனிக்கிழமை நீண்ட ரைடு, இரண்டு மணியில் தொடங்கி மெல்ல மெல்ல நாலு மணி வரை, ஞாயிறு காலாற ஒரு மணி நேரம். மூன்று வாரம் ஏற்றிக்கொண்டே போய் நாலாவது வாரம் வழக்கத்தில் பாதியைவிடச் சற்று அதிகம் என்ற அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தேறுவது அந்த நாலாவது வாரத்தில்தான். நம் ஊர் வெயிலுக்கு ஐந்து மணிக்கெல்லாம் சாலையில் இருக்க வேண்டும், அதற்கு ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு எந்தத் திட்டமும் வேலை செய்யாது.

மலை இல்லாத ஊரில் மலைக்குப் பயிற்சி

சென்னைக்காரர்களுக்குக் காற்றுதான் மலை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குக் காற்று அடிக்கும் காலத்தில் மாமல்லபுரம் போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும், கால் அசைத்தாலே 34 காட்டும், திரும்பி நகரத்தை நோக்கி வரும்போதுதான் அதே காற்று முகத்தில் அறையும், 22ஐத் தாண்ட முடியாது. பலர் இதைச் சபித்துக்கொண்டே வருகிறார்கள், எனக்கு இது பெரிய வரம் என்றே படுகிறது. எதிர்காற்றில் மிதிப்பதை நிறுத்தினால் பைக் சட்டென்று தளர்ந்துவிடும், ஓய்வே கிடைக்காது, மலையிலும் அப்படித்தான். திரும்பும் வழியில் 15 நிமிடம் சீராக அழுத்தி, 5 நிமிடம் இளைப்பாறி, மறுபடி 15 நிமிடம். ஆரம்பத்தில் இரண்டு முறை, ஒரு மாதம் கழித்து மூன்று. இந்த 15 நிமிடங்களில் மூச்சு கனமாக இருக்க வேண்டும், ஆனால் திணறக் கூடாது. கடைசி நிமிடமும் முதல் நிமிடம் போலவே இருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். யாருடைய சக்கரத்தின் பின்னாலும் ஒளிய வேண்டாம்.

ஆனால் காற்று எல்லாவற்றையும் கற்றுத்தராது. மலையில் வேகம் குறைவு என்பதால், மிதி மேலும் கீழுமாக நேராக நிற்கும் அந்த ஒரு நொடிப்பொழுதில் பைக் தளர்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் அதை மறுபடி தள்ள வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குத் தொடையையும் பின்புறத் தசைகளையும் பழக்க வியாழக்கிழமைப் பயிற்சி: கனமான கியரில், உட்கார்ந்தபடி, நிமிடத்துக்கு 55, 60 சுற்று மட்டும், 5 நிமிடம். இடையில் 5 நிமிடம் லேசான கியர். இப்படி மூன்றில் தொடங்கி ஐந்து முறை வரை. இடுப்புக்கு மேலே உடம்பு ஆடக் கூடாது, கை பிடியை நசுக்கக் கூடாது. முட்டியின் முன்பக்கம் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு சீட் உயரத்தைப் பாருங்கள்: குதிகாலை மிதியில் வைத்து அதைக் கீழே கொண்டுபோனால் முட்டி நேராக வர வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. சீட் தாழ்ந்திருப்பதுதான் இந்த வலிக்கு நான் அதிகம் பார்த்த காரணம்.

மேம்பாலங்களில் ஏறி இறங்குவது மலைப் பயிற்சி ஆகாது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஏற்றத்தில் எப்போது கியர் மாற்றுவது, எழுந்து மிதிப்பது எப்படி என்று பழக மட்டும் அது உதவும். எழுவதற்கு முன் ஒரு கியர் கனமாக்குங்கள், மிதி கீழே போகும் நேரத்தில் எழுங்கள். இல்லாவிட்டால் பைக் சற்றுப் பின்னால் போகும், பின்னால் வருபவர் சக்கரத்தில் இடிக்கும். கோவைக்காரர்களுக்கு மருதமலையும், திண்டுக்கல்காரர்களுக்கு 18 வளைவுள்ள சிறுமலையும் பக்கத்திலேயே இருக்கின்றன, அவர்களுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை.

உங்கள் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

எட்டு வாரம் முடிந்ததும் ஒரு சோதனை. மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் இருந்தால் நன்றாக உடம்பைச் சூடாக்கிவிட்டு 20 நிமிடம் முழு முயற்சி, அதன் சராசரியில் 95 சதவீதம் உங்கள் எஃப்டிபி, அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுக்க முடிகிற சக்தி. பவர் மீட்டர் இல்லையென்றால் 30 நிமிடம் தனியாகச் சீராக முழு வேகத்தில் ஓட்டி, கடைசி 20 நிமிடத்தின் சராசரி இதய துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் வரம்புத் துடிப்பு. முதல் மலையில் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த எண்ணைவிடப் பத்துத் துடிப்பு கீழேயே இருக்க வேண்டும். வெயிலில் துடிப்பு தானாகவே ஏறும், காபி குடித்தாலும் ஏறும், அதனால் மூச்சையும் சேர்த்தே கவனியுங்கள்.

முதல் மலை: ஏலகிரி

தொடக்கத்துக்கு ஏலகிரியைத்தான் சொல்வேன். ஜோலார்பேட்டை வரை ரயில் இருக்கிறது, அடிவாரம் பொன்னேரி பக்கத்திலேயே, சாலை நன்றாக இருக்கும், ஏற்றமும் எங்கேயும் சுவர் மாதிரி நிற்காது. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள், பாரி, காரி, ஓரி என்று வள்ளல்கள் பெயரும் புலவர்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள், பலகையைப் பார்த்து எண்ணிக்கொண்டே போகலாம்.

ஏற வேண்டிய உயரம் சுமார் 600 மீட்டர். மேலே சொன்ன அதே 80 கிலோவை 600 மீட்டர் தூக்க ஆகும் சக்தி மாறாதது, அதை எவ்வளவு நேரத்தில் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. 50 நிமிடத்தில் ஏற வேண்டுமென்றால் ஏறத்தாழ 180 வாட், ஒரு மணி ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் 140 வாட். முதல் முறை இரண்டாவது வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் பத்து நிமிடம் இவ்வளவு மெதுவாகப் போகிறோமே என்று தோன்ற வேண்டும், கூட வந்தவர்கள் முந்திப் போகட்டும், அவர்களில் பலரைப் பத்தாவது வளைவுக்கு மேலே சந்திப்பீர்கள்.

வளைவுகளை எடுக்கும் முறை தனி. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே இடது பக்கம் திரும்பும் வளைவில் நமக்குக் கிடைப்பது உள்வட்டம். உள்வட்டத்தில் தூரம் குறைவு, உயரம் அதேதான், அதனால் அங்கே ஏற்றம் சட்டென்று செங்குத்தாகும். வளைவுக்குள் நுழையும் முன்பே ஒரு கியர் லேசாக்கிவிடுங்கள், உள்ளே போய் அழுத்தத்தோடு மாற்றினால் செயின் கழன்றுவிடும். பின்னால் வண்டி இல்லை என்று தெரிந்தால் உள் ஓரத்தை விட்டு அரை மீட்டர் விலகிப் போகலாம், அந்த அரை மீட்டரே காலுக்குத் தெரியும். வலது பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம், கிட்டத்தட்டச் சமதளம், அங்கே வேகம் கூட்டத் தோன்றும். கூட்ட வேண்டாம், அதே முயற்சியில் போய் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் குடிக்கவும் அதுதான் இடம். மேலிருந்து பஸ் இறங்கும் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள். சட்டப்படி ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, ஆனால் பஸ் திரும்பச் சாலையின் முழு அகலமும் வேண்டும், அந்த வளைவில் இரண்டு பேருக்கு இடம் கிடையாது.

சாப்பாடு: ரைடுக்கு இரண்டு மணி நேரம் முன் மூன்று இட்லி, கொஞ்சம் சர்க்கரை. நெய் மிதக்கும் பொங்கலை மேலே போய்ச் சாப்பிடுங்கள். ஓட்டும்போது மணிக்கு 40, 50 கிராம் மாவுச்சத்து போதும், ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் கடலை மிட்டாயும் அல்லது நாலைந்து பேரீச்சம்பழமும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்கு மேல், அதில் ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சையும். இளநீர் நல்லதுதான், ஆனால் வேர்வையில் போகும் சோடியம் அதில் குறைவு, உப்பு தனியாக வேண்டும். குரங்குகள் இருக்கும் வளைவில் பழத்தை வெளியே எடுக்காதீர்கள்.

இறங்குவதற்கும் பயிற்சி வேண்டும்

காயங்கள் நடப்பது ஏறும்போது அல்ல. ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பிடியில் கை வைத்து, வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டு உருளுங்கள். வெளிப்பக்க மிதி கீழே, எடை அதன் மேல். கண் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், பள்ளத்தையே பார்த்தால் பைக் பள்ளத்துக்குத்தான் போகும். ரிம் பிரேக் உள்ளவர்கள் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கக் கூடாது, ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. கை வலித்தால் ஒரு வளைவில் நின்று ரிம் ஆறட்டும் என்று விடுங்கள். ஏற்காடு மாதிரி உயரமான இடங்களில் வேர்த்த உடம்போடு இறங்கினால் குளிரில் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது, மெல்லிய காற்றாடை ஒன்றை முதுகுப் பையில் வைத்திருங்கள். மறந்துபோனால் டீக்கடையில் ஒரு பழைய செய்தித்தாள் கேட்டு வாங்கி ஜெர்சிக்குள் மார்பில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் ரேஸ்

முதல் ரேஸாக ஐடிடியை, அதாவது தனியாக ஓட்டி நேரத்தை மட்டும் ஒப்பிடும் போட்டியைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவராக 30 நொடி அல்லது ஒரு நிமிட இடைவெளியில் அனுப்புவார்கள், யார் பின்னாலும் ஒட்டி ஓட்டக் கூடாது, கூட்டத்தில் விழும் பயமும் இல்லை. உள்ளூர் சைக்கிள் குழுக்கள் இதை அவ்வப்போது நடத்துகின்றன. பெங்களூரில் அமெச்சூர் ரேஸ் இன்னும் சூடாக இருக்கிறது, நந்தி மலை ஏற்றம் அங்கே எல்லோருக்கும் ஒரு அளவுகோல், 1,478 மீட்டர் உயர உச்சிக்குப் போகும் அந்தச் சாலை கடைசியில்தான் கடுமையாகிறது, அடியில் சக்தியைக் கொட்டியவர்கள் அங்கே தெரிந்துவிடுவார்கள். 200 கி.மீ.யை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்கும் பிஆர்எம் என்ற நெடுந்தூர ரைடுகளைச் சிலர் ரேஸ் என்று நினைத்துப் பதிவு செய்கிறார்கள். அதில் முதலிடம் கிடையாது, ஆனால் அடித்தளத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி குறைவு.

ரேஸ் அன்று ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மலையேற்ற ஐடிடியில் முதல் நிமிடத்திலிருந்தே ஏற்றம் என்பதால் உடம்பைச் சூடாக்காமல் நிற்கவே கூடாது: 20 நிமிடம் லேசாக, நடுவில் மூன்று முறை ஒரு நிமிடம் அழுத்தி. சீட் பையைக் கழற்றிவிடுங்கள், பாட்டில் ஒன்று போதும், 750 மி.லி. இரண்டாவது பாட்டில் 50 நிமிட ஏற்றத்தில் உங்களுக்கு ஏறக்குறைய அரை நிமிடம் செலவு. ஜெர்சி எண்ணை நாலு முனையிலும் ஊக்கு போட்டுத் தட்டையாகக் குத்துங்கள். கிளம்பியதும் எல்லோருக்கும் 250 வாட் சுலபமாகத் தெரியும், அந்த மூன்று நிமிடத்தை நம்பாதீர்கள். ஏற்றத்தை மூன்றாகப் பிரித்து, முதல் பகுதியில் அடக்கி, இரண்டாவதில் எஃப்டிபியில் நிலைத்து, மூன்றாவதில் இருப்பதைக் கொடுங்கள்.

எல்லோரும் சேர்ந்து கிளம்பும் ரேஸுக்கு முன் குரூப்பில் ஓட்டப் பழகியிருக்க வேண்டும். நேர்க்கோட்டை விட்டு விலகாதது, முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தை நுழைக்காதது, பள்ளம் என்றால் கத்திச் சொல்வது, இந்த மூன்றும் இல்லாமல் போய் நின்றால் மற்றவர்களையும் விழவைப்பீர்கள். சமதளத்தில் பிறர் பின்னால் ஒதுங்குவதால் முயற்சி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும், 12 கி.மீ. வேகத்தில் ஏறும்போது அந்த லாபம் மிகக் கொஞ்சம். அதனால் ஏற்றம் தொடங்கும் முன்பே கூட்டத்தின் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள். உங்கள் வேகத்தில் ஏறி, ஒவ்வொருவராக முந்த விட்டாலும், உச்சியில் கூட்டத்தின் வாலிலாவது ஒட்டியிருப்பீர்கள். வாலில் தொடங்கியவருக்கு நழுவ இடமே இல்லை.

அடுத்த மலைகள்

ஏலகிரிக்குப் பின் ஏற்காடு, சேலம் பக்கம் 20 வளைவு, உயரம் இரண்டு மடங்கு, அதே வேகத்தில் இரண்டு மணி நேரம் ஏறும் பொறுமையைச் சோதிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி நீளம் அதிகம், ஏற்றம் இதமானது, எனக்கு மிகப் பிடித்த சாலை. அப்புறம் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள், ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது, இடது உள்வட்டம் வலது வெளிவட்டம் என்ற பாடத்தை அங்கே முழுசாகப் படித்துவிடலாம். முந்தின நாள் நாமக்கல்லில் தங்கி, வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்கி, வெயில் ஏறும் முன் செம்மேட்டில் இருப்பது மாதிரி திட்டமிடுங்கள், இரண்டு பாட்டிலும் நிரப்பிக்கொண்டு.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டி 36 வளைவுகள்தான், ஆனால் பல இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டும், 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸில் ஓட்டியவர்கள் இன்னமும் பேசுவது இதைப் பற்றித்தான். 34க்கு 34 இல்லாமல் அங்கே போகாதீர்கள். மசினகுடி பக்கம் புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் உண்டு, விடியும் முன் தனியாகக் கிளம்ப வேண்டாம், வனத்துறை அந்த வாரம் என்ன கட்டுப்பாடு வைத்திருக்கிறது என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.